சாமி படமும் ஆசாமி படமும்: கோவில்பட்டி ஒளிப்பட நிலையங்களின் கதை

கரிசல் வட்டாரத்துப் பழைய வீடுகளில் பட்டாசாலைச் சுவரின் மேற்பகுதியில் படங்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். சுவரோடு அறைந்த ஒரு மரச்சட்டத்தின்மேல் அவற்றின் அடிப்பாகம் ஊன்றியிருக்கும். மேற்பாகத்தைக் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும். தலைவாசலுக்கு நேரே இருப்பவை சாமி படங்கள். மீனாட்சி கல்யாணம், கஜேந்திர மோட்சம், மயில்மேல் முருகன் என்று அவை அமையும். அவற்றின் இருபுறமும் அந்த வீட்டு மனிதர்கள் இருப்பார்கள். நாற்காலியில் அமர்ந்த தாத்தா, பக்கத்தில் கையைத் தொங்கவிட்டு நிற்கும் பாட்டி, கோட்டு அணிந்து ஒருநாள் மட்டும் துரையாகிப் போன மாமன், பிறந்த ஆறாம் மாதத்தில் குப்புறக் கிடந்து தலைதூக்கிப் பார்க்கும் ஒரு குழந்தை.

இந்த இரு வகைப் படங்களுக்கும் இடையே உள்ள உறவை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இவ்விரண்டும் கோவில்பட்டி என்னும் ஒரே ஊரிலிருந்து, ஒரே தொழில்மரபிலிருந்து, சில வேளைகளில் ஒரே கைகளிலிருந்து பிறந்தன. சாமி படங்கள் நாடு முழுவதும் பரவின; பின்னர் அருங்காட்சியகங்களிலும் ஆய்வு நூல்களிலும் இடம்பெற்றன. ஆசாமி படங்களோ வீட்டுக்கு ஒன்றாகவும் இரண்டாகவும் சிதறி, பூஞ்சை பிடித்து, பெயர் மறந்து, கடைசியில் பழைய பேப்பர்க்காரரின் சாக்குக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்று பார்ப்பது, கரிசல் மண்ணின் ஒளிப்பட வரலாற்றைப் பார்ப்பதே ஆகும்.

பெயர் கேட்காத கேமரா

1839-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டகேரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கேமரா தமிழகத்தில் வேரூன்றிவிட்டது. சென்னையில் 1850-இல் கலைப்பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரே 1856-இல் அங்கு ஒளிப்படச் சங்கம் உருவாகவும் காரணமாக இருந்தார். ஓவியமும் ஒளிப்படமும் தமிழகத்தில் ஒருவர் மடியிலேயே வளர்ந்தன என்பது நினைவில் வைக்கத்தக்கது. பிற்காலத்துக் கோவில்பட்டிக் கதைக்கு இது முன்னுரை.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858-இல் திருவரங்கம், புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை ஆகிய இடங்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் படமாக்கினார். மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுக்கப்பட்ட அப்படங்களில் கல்தூண்கள் உயிரோடு நிற்கின்றன. மனிதர்கள் அரிதாகவே தென்படுகிறார்கள். அவர் நாடியவை கட்டடங்கள். போதாக்குறைக்கு, படம் பதிய நெடுநேரம் பிடித்த காலம் அது. அசையாத கல்லே கேமராவுக்கு உகந்ததாக இருந்தது.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குக் கோவில்பட்டி வழியாக ரயில் ஓடத் தொடங்கியது 1876-ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் தாது வருஷப் பஞ்சமும் தலைகாட்டியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய அப்பஞ்சத்தின் முகத்தை இன்று உலகம் அறிவது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் ராணுவ அதிகாரி எடுத்த படங்களால். எலும்புக்கூடுகளாகிவிட்ட மனிதர்கள், பெண்கள், குழந்தைகள் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களைப் படமெடுக்க நேரம் ஒதுக்கியவர் அவர்களுக்கு உதவவில்லை என்ற கண்டனம் அவர்மீது எழுந்தது. அப்படங்களில் இருப்பவர் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1909-இல், எட்கர் தர்ஸ்டன் கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த அவர், ஊர் ஊராகச் சென்று மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர்; படமும் பிடித்தவர். அந்தத் தொகுதிகளில் சாதிகளுக்குப் பெயர் உண்டு. படத்தில் நிற்பவருக்கு இல்லை. பஞ்சத்தின் சான்றாகவும் குலத்தின் மாதிரியாகவும் மனிதர்களைப் பார்த்த அரசாங்கக் கண், ‘உன் பெயரென்ன?’ என்று கேட்கவில்லை.

தானே காசு கொடுத்து, தனக்குப் பிடித்த உடையை உடுத்தி, தான் விரும்பும் வண்ணம் கேமராவுக்கு முன் ஒரு சம்சாரி நிற்பதற்கு, ஊருக்குள்ளேயே ஒளிப்பட நிலையம் வரவேண்டியிருந்தது.

போர்க்காலத்தில் இறங்கிய ஓவியர்

கோவில்பட்டி பழைய ராஜதானி அன்று. செண்பகவல்லி அம்மன் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். ரயிலும் பருத்தியும் அதைப் பட்டணமாக்கின. இங்கு அரசின் விவசாய ஆராய்ச்சி நிலையம் 1901-லேயே அமைந்தது. பருத்தி அரைவை, நூற்பாலை, தீப்பெட்டித் தொழில் என்று கூலி கைக்கு வரும் வழிகள் பெருகின. வாரக் கூலியும் பருத்தி வெள்ளாமைக் காசும் புழங்கும் ஊரில்தான் ஒளிப்பட நிலையம் பிழைக்க முடியும்.

அந்த ஊருக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்து தங்கியவர் சி. கொண்டையராஜு. 1898-இல் பிறந்த அவர், ஹண்டர் தோற்றுவித்த அதே சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். துறவு நாட்டம் கொண்டு திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பின்னர் நாடகக் கம்பெனியில் காட்சித் திரைகள் தீட்டும் ஓவியரானார். அரண்மனை, நந்தவனம், கானகம், கைலாயம் என்று இரவுக்கு இரவு சுருண்டு விரியும் படுதாக்களில் அவர் கை பழகியது. போர்க்கால நெருக்கடியில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது, அவரும் அவரைச் சுற்றியிருந்த மாணவர்களும் அங்கேயே தங்கிவிட்டனர். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம் முதலியோர் அவரிடம் பயின்று பெயர் பெற்றவர்கள். கொண்டையராஜு மணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்களே அவருக்குக் குடும்பமாயினர். 1976-இல் மறையும்வரை அவர் வாழ்வு அவ்வாறே கழிந்தது.

கலைந்த நாடகக் கம்பெனியின் ஓவியர்களுக்கு அன்றாடச் சோற்றுக்கு வழி வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தது கேமரா. சாமி படங்களால் பெருமை வருவதற்கு முன்பு அவர்கள் ஒளிப்பட நிலையத் தொழிலில் ஈடுபட்டனர். திரை தீட்டத் தெரிந்த கைக்கு ஒளிப்பட நிலையத்தில் வேலைக்குக் குறைவில்லை. பின்னணிப் படுதா எழுத வேண்டும். நெகட்டிவில் டச்சிங் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்ற வேண்டும். மங்கிய சிறு படத்திலிருந்து பெரிய உருவப்படம் வரைய வேண்டும். நாடக மேடையில் ராஜபார்ட்டுக்குப் பின்னால் தொங்கிய அரண்மனை, இப்போது நாலாட்டின்புதூரிலிருந்தோ இடைசெவலிலிருந்தோ வந்த சம்சாரிக்குப் பின்னால் தொங்கியது.

ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் சிவகாசி அச்சகங்கள் வளர்ந்து, நாட்காட்டிகளுக்குப் படம் தேடிய காலம் அதை ஒட்டி வந்தது. கொண்டையராஜுவும் மாணவர்களும் எழுதிக் கொடுத்த தெய்வ உருவங்கள் லட்சக்கணக்கில் அச்சாகி, தமிழகம் கடந்தும் சென்றன. அந்தச் சாமி படங்களைக் கூர்ந்து பார்த்தால், அவற்றில் ஒளிப்பட நிலையத்தின் வாசனை வீசுவதை உணரலாம். தெய்வம் நேருக்கு நேர் நம்மைப் பார்க்கிறது. உடல் முழுமையும் தெரிகிறது. பின்னால் தூண்களும் திரைகளும் மலையும் நீர்நிலையும் விரிகின்றன. நகையும் பட்டும் மடிப்பு மடிப்பாகத் துலங்குகின்றன. மணக்கோலத்தில் நிலையத்துக்கு வந்த தம்பதிகள் நின்றதும் இதே நிலைதான். மீனாட்சி கல்யாணத்தைப் பார்த்த மக்கள் அதுபோல் நின்றார்களா, அவர்கள் நின்றதைப் பார்த்த ஓவியர்கள் மீனாட்சியை அவ்வாறு நிறுத்தினார்களா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சாமி படத்தின் ஓரத்தில் கொண்டையராஜு, சுப்பையா என்று வரைந்தவர்களின் கையொப்பம் இருக்கும். ஆசாமி படத்தின் கீழே, தடித்த அட்டையில், ஒளிப்பட நிலையத்தின் பெயர் அழுத்தி முத்திரையிடப்பட்டிருக்கும். படத்தில் இருப்பவரின் பெயருக்குத்தான் எங்கும் இடமில்லை. வீட்டார் அனைவருக்கும் தெரிந்த பெயரை எழுதிவைக்கும் தேவை அன்று யாருக்கும் தோன்றவில்லை.

நிலையத்தின் உள்ளே

மின்சாரம் எட்டாத காலத்து ஒளிப்பட நிலையம் வெயிலை நம்பியது. கூரையின் ஒரு பகுதியில் கண்ணாடி பதித்திருப்பார்கள். வடக்கிலிருந்து வரும் மென்மையான வெளிச்சத்தை விரும்புவார்கள். கண்ணாடிக்குக் கீழே வெள்ளைத் துணிகளை இழுத்தும் விட்டும் ஒளியைக் கூட்டிக் குறைப்பார்கள். துருத்திபோல் மடிப்புள்ள பெரிய கேமரா முக்காலியில் நிற்கும். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்க்கையில், எதிரே நிற்பவர் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிவார். பின்பு தட்டைச் செருகி, மூடியைத் திறந்து, மனத்துக்குள் எண்ணி, மூடிவிடுவார். அந்தச் சில நொடிகளுக்கு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதால்தான் நம் முன்னோர் பலர் படங்களில் இத்தனை கடுமையாக முறைத்துப் பார்க்கிறார்கள்; அது அவர்களுடைய சுபாவமன்று.

பலகையோடு சேர்த்துச் சாய்த்த பென்சில் முனையால் நெகட்டிவின் முகத்தைத் திருத்துவது தனிக் கலை. அம்மைத் தழும்பு மறையும். கண்ணுக்குக் கீழுள்ள கருமை மெலியும். வெயிலில் காய்ந்த கன்னம் மிருதுவாகும். கரிசல் காட்டில் வேலை செய்த முகத்தைப் பொழுதெல்லாம் நிழலில் இருந்த முகமாக மாற்றும் இந்தத் திருத்தத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆங்கில மானிடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி, மத்தியப் பிரதேசத்து நாக்தா ஊரின் ஒளிப்பட நிலையங்களை ஆராய்ந்து 1997-இல் எழுதிய நூலில் இதே போக்கை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். அங்கும் மக்கள் தாங்கள் இருப்பதுபோல் தெரிவதற்காக நிலையத்துக்குச் செல்லவில்லை. தாங்கள் ஆகக்கூடிய வேறொருவராகத் தெரிவதற்காகச் சென்றனர். அரசாங்கக் கேமரா ஒருவரை அவருடைய சாதியோடு கட்டிப்போட்டது என்றால், ஊர்ப் போட்டோக்காரரின் கேமரா கால்மணி நேரத்துக்கேனும் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. காசு கொடுத்தவர் யாராயினும் அந்த நாற்காலியில் உட்காரலாம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளலாம். கைக்கடிகாரம் தெரியும்படி முழங்கையை மடித்துவைக்கலாம். ஊருக்குள் உட்கார இடம் கிடைக்காத ஒருவருக்கு அது சிறிய விஷயமன்று.

தொழிலுக்கு மண்ணும் பகை, வானமும் பகை. சித்திரை வெயிலில் இருட்டறை அடுப்பாகும். சூடேறிய நீரில் தட்டின் ஜெலட்டின் பூச்சு இளகி, ஓரங்களில் சுருண்டு உரியும். ஆகவே கோடையில் நள்ளிரவுக்குமேல் கழுவும் வழக்கம் இருந்தது. காற்றில் பறக்கும் கரிசல் புழுதி ஈரத் தட்டில் ஒட்டினால், முகத்தில் வெண்புள்ளியாகத் தங்கிவிடும். எல்லாவற்றிலும் பெரிய குறை தண்ணீர். ஹைப்போ உப்பு முற்றிலும் நீங்கும்வரை ஓடும் நீரில் படத்தைக் கழுவினால்தான் அது நீடித்து நிற்கும். தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் கோவில்பட்டி. குறைந்த நீரில் கழுவப்பட்ட படம் சில ஆண்டுகளில் மஞ்சள் படிந்து மங்கும். இவ்வட்டாரத்து ஒரு பழைய படம் மங்கியிருந்தால், அதற்கு வயது மட்டும் காரணமாக இராது; அதை எடுத்த ஆண்டின் வறட்சியும் அதில் படிந்திருக்கக்கூடும்.

மக்கள் மனத்தில் அச்சமும் இருந்தது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவியது. அதனால் உயிரோடிருந்தபோது ஒருமுறையும் படம் எடுத்துக்கொள்ளாமல் மறைந்தவர்கள் ஏராளம். அவர்களுக்காகப் போட்டோக்காரர் சாவு வீட்டுக்கு அழைக்கப்பட்டார். உயிரற்ற உடலை நாற்காலியில் சாய்த்து, பின்னால் ஓர் ஆள் மறைந்து பிடித்துக்கொள்ள, சுற்றிலும் மக்கள் நிற்க, அந்த ஒரு படம் எடுக்கப்படும். பின்பு நிலையத்து ஓவியர் மூடிய கண்ணைத் திறந்த கண்ணாக எழுதுவார். அழுதுகொண்டிருக்கும் வீட்டில், அழாமல், வெளிச்சம் போவதற்குள் வேலையை முடிக்கவேண்டிய பொறுப்பு போட்டோக்காரருக்கு இருந்தது. சிற்பி தெய்வத்துக்குக் கண் திறப்பதைப் போற்றிப் பாடிய நாடு, இறந்த மனிதருக்குக் கண் திறந்த இந்தக் கைகளை ஏனோ பாடவில்லை.

நிலையத்துக்கு வெளியே

சுருள் பிலிமும் கைக்கு அடக்கமான கேமராவும் வந்தபின் தொழில் தெருவுக்கு இறங்கியது. சைக்கிளின் பின்பக்கம் முக்காலியையும் விளக்கையும் கட்டிக்கொண்டு கிராமங்களுக்குச் செல்லும் போட்டோக்காரர்கள் உருவானார்கள். அவர்களுடைய ஆண்டு, வெள்ளாமையின் ஆண்டைப் பின்பற்றியது. ஐப்பசி, கார்த்திகையில் காடு விதைப்பில் இருக்கையில் வேலை ஓய்ந்திருக்கும். மாசியில் பருத்தி வெடித்து, பங்குனி சித்திரையில் காசு புழங்கத் தொடங்கினால் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று அழைப்புகள் வரும். மழை பொய்த்த ஆண்டில் வீட்டுக் கல்யாணங்கள் தள்ளிப்போகும். இருட்டறையும் சும்மா கிடக்கும். சம்சாரி வானத்தைப் பார்த்ததுபோலவே போட்டோக்காரரும் வானத்தைப் பார்த்தார்.

பிழைப்புத் தேடி இலங்கை, பர்மா, மலேயா என்று கடல் கடந்தவர்களும், அவர்கள் விட்டுச்சென்ற குடும்பங்களும் இத்தொழிலுக்குப் பெரும் ஆதரவாக இருந்தனர். பிரிந்திருப்பவர்களுக்கிடையே கடிதத்தோடு சென்றது படம். தந்தை முகம் பார்த்திராத பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தனர். 1964-இல் இந்திய இலங்கை அரசுகளுக்கிடையே சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டபின், தாயகம் திரும்பியோரின் ஆவணங்களில் ஒட்டப்பட்ட சின்னஞ்சிறு படங்கள் ஒரு வாழ்வின் முடிவையும் இன்னொன்றின் தொடக்கத்தையும் குறித்தன. 1993-இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் அடையாள அட்டையை அறிமுகப்படுத்தியது. அதுவரை கேமராவுக்கு முன் நிற்காதிருந்த கிழவிகளும் அதன்பின் ஒருமுறை நின்றாக வேண்டியதாயிற்று. அரசாங்கத்தின் கண் மறுபடியும் வந்தது. இம்முறை அது பெயரைக் கேட்டுத்தான் படத்தை எடுத்தது என்பது ஒரு ஆறுதல்.

பொருளாதாரமும் தொழில்நுட்பமும் வெகுவாக மாறின. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் உள்நாட்டுப் பிலிமைத் தந்தது. 1980-களில் வண்ணப்படக் கூடங்கள் நகரங்களில் பெருகியபோது, உள்ளூர் இருட்டறைகளின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. டச்சிங் செய்த விரல்களுக்கு வேலை இல்லாது போயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டிஜிட்டல் கேமரா வந்ததும் பிலிமே வழக்கொழிந்தது; உதகைத் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

எழுத்தாளர் முகங்கள்

கோவில்பட்டி எழுத்தாளர்களின் ஊர். பக்கத்து இடைசெவலில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் தோன்றினர். பூமணி, தேவதச்சன், கோணங்கி, சோ. தர்மன் என்று அந்த வரிசை நீள்கிறது. சிறிது தூரத்தில் எட்டயபுரம் இருக்கிறது. ஆகவே இவ்வட்டாரத்து ஒளிப்பட வரலாறு கவிஞர்களுக்கு அயலான விஷயமன்று.

எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்து 1921-இல் மறைந்த பாரதியின் மெய்யான ஒளிப்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் 1919-இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்தாரோடு எடுத்த படம் குறிப்பிடத்தக்கது. ஒரு சங்கத்தின் வரலாற்றோடு பிணைந்து நின்றமையால் அப்படத்தின் இடமும் காலமும் இன்று நமக்குத் தெரிகின்றன. தமிழ்ச் சிற்றூர்களின் இலக்கிய அமைப்புகள் எத்தகைய பணியைத் தம்மை அறியாமலே செய்ய வல்லவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கல்கியின் முயற்சியால் எழும்பிய எட்டயபுரம் பாரதி மணிமண்டபத்தை 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்துவைத்தார். அந்த மண்டபத்துக்கு வருவோர் முதலில் தேடுவது பாரதியின் முகத்தை. நமக்கு அவர் முகத்தைக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத சில போட்டோக்காரர்கள்.

கி. ராஜநாராயணனுக்கு அந்தக் குறை நேரவில்லை. 1989-இல் புதுவைக்குக் குடிபெயர்ந்த அவரை, புதுவை இளவேனில் பல ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்தார். கல்யாணமும் கொடையும் தராத காசில்லாத வேலை அது. தானே வரித்துக்கொண்ட வேலை. 2021-இல் கி.ரா. மறைந்தபோது, கரிசல் காட்டின் சுருக்கங்கள் அனைத்தையும் தாங்கிய அந்த முகம் தமிழர்க்கு நெருக்கமானதாக இருந்தமைக்கு இத்தகைய பொறுமையான உழைப்பும் ஒரு காரணம். இதே வழியில், மதுரை மாவட்டத்திலிருந்து வந்த ம. பழனிக்குமார், தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களையும், கழிவுநீர்க் குழிகளில் உயிரிழந்த தொழிலாளர்களின் குடும்பங்களையும் படமாக்கி, தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதை 2022-இல் முதலாவதாகப் பெற்றார். ஹூப்பர் எடுத்ததும் துயரத்தின் படங்களே. பழனிக்குமார் எடுப்பதும் துயரத்தின் படங்களே. ஆனால் பழனிக்குமாரின் படங்களோடு பெயர்களும் குரல்களும் சேர்ந்து வருகின்றன. நூற்று நாற்பது ஆண்டுகளில் கேமரா நடந்துவந்த தூரம் அது.

வெள்ளிக்குக் கரைந்த முகங்கள்

நிலையங்கள் மூடப்பட்டபோது அவற்றின் நெகட்டிவ்கள் என்னவாயின என்ற கேள்விக்கு விடை துயரமானது. நெகட்டிவில் வெள்ளி உண்டு. அந்த வெள்ளிக்காகப் பழைய நெகட்டிவ்களை எடைக்கு வாங்கிக் கரைத்தார்கள். கண்ணாடித் தட்டுகளைச் சுடுநீரில் சுரண்டி, படச் சட்டங்களுக்குக் கண்ணாடியாகப் போட்டார்கள். ஒரு சம்சாரியின் முகம் பதிந்திருந்த கண்ணாடி, அம்முகம் துடைக்கப்பட்டபின், ஏதோ ஒரு வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் மாட்டப்பட்டிருக்கவும் கூடும். எஞ்சியவற்றைக் கரையானும் ஈரமும் பங்கிட்டுக்கொண்டன. இதற்காகப் போட்டோக்காரர்களைக் குறைசொல்ல இடமில்லை. வாடகை கட்ட முடியாத ஒருவரிடம் பெட்டி பெட்டியாகக் கண்ணாடியைக் காத்துவைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய பல்கலைக்கழகங்களும் நெடுங்காலம் கேட்கவில்லை.

அதே காலத்தில் சாமி படங்களின் பக்கம் உலகின் பார்வை திரும்பியது. கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்லிஸ் கோவில்பட்டிக்கு வந்து கொண்டையராஜு மரபினரைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அது நல்ல காரியம். ஆனால் அந்த ஓவியர்களுக்குச் சோறு போட்ட ஒளிப்படத் தொழில், ஓவியத்தின் நிழலிலேயே நின்றுவிட்டது. பின்னர் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டத்தின் துணையோடு, தமிழகத்து ஒளிப்பட நிலையங்களின் பழைய படங்களைத் தேடி எண்வடிவில் பதிவுசெய்யத் தொடங்கியது. தாமதமாக வந்தாலும் போற்றத்தக்க முயற்சி அது. எனினும் ஓர் ஆய்வு நிறுவனத்தால் படத்தைக் காக்க முடியும். படத்தில் இருப்பவரின் பெயரை அந்த ஊர்தான் சொல்லவேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு செய்தி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மாலி நாட்டுப் பமாக்கோ நகரில் 1948 முதல் நிலையம் நடத்தியவர் செய்து கெய்தா. கோவில்பட்டியைப் போன்றே ரயிலும் சந்தையும் உள்ள ஊர். அங்கும் மக்கள் வானொலிப் பெட்டியோடும் கைக்கடிகாரத்தோடும் நல்லுடையோடும் நின்றனர். 1991-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றபோது, எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்றே குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தனர். 1994-இல் பாரிஸ் நகரில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. உலகப் புகழ் வந்தது. அவர் தம் நெகட்டிவ்களைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததே அதற்குக் காரணம். ஆயினும் அவர் படங்களில் நிற்கும் அழகிய மனிதர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் இன்றும் தெரியா. எடுத்தவர் பெயர் மீண்டது. நின்றவர் பெயர் மீளவில்லை.

கழுகுமலை சொல்வது

கோவில்பட்டிக்கு மேற்கே, இருபது கிலோமீட்டர் அளவில், கழுகுமலை இருக்கிறது. வெட்டுவான் கோயிலின் சிற்ப அழகைக் காணச் செல்வோர், அதே பாறையின் மறுபக்கத்தில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள சமணத் திருவுருவங்களையும் காண்பர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட அவ்வுருவங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவைபோல் அமர்ந்திருக்கின்றன. ஆனால் பலவற்றின் அடியில் வட்டெழுத்தில் சிறு பொறிப்புகள் உண்டு. அவ்வுருவத்தைச் செய்வித்தவர் யார், எந்த ஊரினர், யாருக்காகச் செய்வித்தார் என்று அவை கூறுகின்றன. தச்சர், குயவர், கொல்லர், உழவர், பெண் துறவியர் என்று எளிய மனிதர்கள் பலர் அங்கே பெயரோடு நிற்கிறார்கள். அரசர்களின் மெய்க்கீர்த்திகள் அல்ல அவை. ஒரு வரி, இரு வரி. சாமிக்குக் கீழே ஆசாமியின் பெயர்.

கரிசல் மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் செய்த அந்தச் சிறு செயலை, காகிதப் படத்துக்குச் செய்ய இருபதாம் நூற்றாண்டில் மறந்துவிட்டோம். சாமி படத்தின் பின்னால் பெயர் எழுதவேண்டியதில்லை. மயிலும் வேலும் அதைச் சொல்லிவிடும். ஆசாமி படத்துக்கு அப்படி ஓர் அடையாளம் கிடையாது. அந்த முகத்தை அறிந்த கடைசிக் கிழவி கண்மூடும் நாளில், சுவரிலிருக்கும் தாத்தா யாரோ ஒரு பெரியவர் ஆகிவிடுகிறார். அடுத்த தலைமுறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, யாரோ ஒருவருக்குச் சுவரில் இடமிருப்பதில்லை.

இலக்கிய வட்டங்களால் அருங்காட்சியகம் கட்ட முடியாது; கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் சொற்களைக் காப்பவர்களால் பெயர்களைக் காக்க முடியும். ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டுச் சுவரிலுள்ள படத்தை இறக்கி, தூசு தட்டி, வீட்டின் மூத்தவர் அருகே அமர்ந்து, இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த நிலையத்தில் எடுத்தது என்று கேட்டு, பின்னட்டையில் மென்மையான பென்சிலால் எழுதிவைத்தால் போதும். பேனா மை காகிதத்தினூடே ஊறி முகத்தைக் கறைப்படுத்திவிடும். ஆகவே பென்சிலே நல்லது. மூடப்பட்ட நிலையங்களின் முதிய போட்டோக்காரர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவும் ஒரு நெகட்டிவ்தான். அதைக் கழுவி எடுக்கச் சில மாலைப்பொழுதுகள் போதும்.

கவிஞர்கள் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுவே. போய்க்கொண்டிருப்பதை ஒரு கணம் நிறுத்தி, அதற்குப் பெயரிட்டு, பின்னால் வருபவர் கையில் கொடுப்பது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, தலைகீழாகத் தெரிந்த கரிசல் முகங்களை நேராக்கிக் கொடுத்த அந்தக் கோவில்பட்டிக் கைவினைஞர்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது அட்டையின் பின்புறம்.